அணுவிலிருந்து கரண்ட் வயருக்குள் எப்படி ஏறுது?

கேள்வி: 3 ஆகஸ்ட் 2025, மாலை 6.20

சிங்கப்பூர் அணுமின்சாரத்தை ஆராயுதுன்னு அடிக்கடி செய்தி வருது. எனக்கு அடிப்படையே புரியலை. யுரேனியத்தைப் பிளந்தா எலெக்ட்ரான் வெளியே வரும், அதைப் பிடிச்சு வயரில் விட்டா கரண்ட்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன். நேத்து காப்பிக்கடையில் நண்பர் ஒருத்தர், "அதெல்லாம் ஒண்ணுமில்லை, தண்ணியைக் கொதிக்க வைக்கிறாங்க, அவ்வளவுதான்"னு சிரிச்சார். இவ்வளவு பெரிய விஞ்ஞானம் வெந்நீர் போடவா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

3 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

வெந்நீர் போடத்தான். உங்க நண்பருக்கு ஒரு தே தாரேக் (இழுத்து ஆத்தின டீ) வாங்கிக் கொடுங்க.

நான் கடலோர மின்நிலையம் ஒன்றில் 31 வருஷம் டர்பைன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல்ல எண்ணெய் எரிச்சோம், பிறகு இயற்கை எரிவாயு. அணு உலைக்குள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஆனா நீராவி எனக்கு அத்துப்படி.

யுரேனியம் 235-இன் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் போய் மோதினா அது ரெண்டா உடையும். துண்டுகள் அசுர வேகத்தில் பிச்சுக்கிட்டுப் பறந்து பக்கத்து அணுக்களை இடிச்சு நிற்கும். அந்த இடிதான் வெப்பம். வெப்பம் தண்ணியை ஆவியாக்கும், ஆவி டர்பைனைச் சுத்தும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுத்தும், ஜெனரேட்டருக்குள்ளே காந்தம் சுழலச் சுழலச் செப்புச் சுருளில் கரண்ட் பிறக்கும். 1927-இல் நம்ம செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையத்தில் நிலக்கரி போட்டு எரிச்சாங்களே, அங்கேயும் இதே கதைதான்.

அடுப்பு மட்டும்தான் மாறுது. பானை அதே பானை. எலெக்ட்ரானுக்கு உலைக்குள்ளே ஒரு வேலையும் இல்லை.

4 ஆகஸ்ட் 2025, காலை 7.15

ராத்திரி தூக்கம் வராம ஒரு கணக்குப் போட்டேன். எங்க வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு மாசம் சுமார் 400 யூனிட் ஓடுது (மருமகனுக்கு ஏசி இல்லாம கண்ணே மூடாது). வருஷத்துக்கு 4,800 யூனிட்.

ஒரு கிராம் யுரேனியம் 235 முழுசாப் பிளந்தா கிட்டத்தட்ட ஒரு மெகாவாட் வெப்பம் ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும். 24,000 யூனிட். எங்க வீட்டுக்கு அஞ்சு வருஷம்! ஒரு கிராம்னா நகைக்கடைத் தராசில் ஒரு சின்ன மூக்குத்தி.

4 ஆகஸ்ட் 2025, காலை 7.50

மேலே போட்டது தப்பு. 31 வருஷம் வேலை பார்த்தவன் செய்யக்கூடாத தப்பு. 24,000 யூனிட் வெப்பம்தான், கரண்ட் இல்லை. அணுமின் நிலையத்தில் வெப்பத்தில் மூணில் ஒரு பங்குதான் கரண்டா மாறும், மிச்சம் கடலுக்குப் போயிடும். ஆக 8,000 யூனிட், எங்க வீட்டுக்கு 20 மாசம். அதுவும் குறைச்சலில்லை. ஆனா அஞ்சு வருஷம்னு யாராவது வாட்ஸப்பில் அனுப்பியிருந்தா தயவுசெய்து அழிச்சிடுங்க.

5 ஆகஸ்ட் 2025, மாலை 5.30

"ஒரு கிராம் எரிபொருளா, ஒரு கிராம் யுரேனியம் 235-ஆ?"ன்னு ஒரு தம்பி மடக்கிட்டார். நியாயமான கேள்வி.

மண்ணிலிருந்து எடுக்கிற யுரேனியத்தில் 235 வகை வெறும் 0.7 சதவீதம். பெரும்பாலான உலைகளுக்கு அதை 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்டுவாங்க. (குண்டுக்கு 90 சதவீதத்துக்குப் பக்கம் வேணும், அதனால உலை அணுகுண்டு மாதிரி வெடிக்காது. வேற மாதிரிக் கெட்டுப்போகும். அதுக்குப் பிறகு வர்றேன்.) மிச்சமெல்லாம் 238. அது லேசில் பிளக்காது, ஆனா அதிலேயும் கொஞ்சம் புளூட்டோனியமா மாறி எரியும்.

எரிபொருள் சுண்டுவிரல் நுனியளவு வில்லைகளா இருக்கும், ஒண்ணு 7 கிராம் போல. அதை சிர்க்கோனியம் கலந்த குழாயில் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவாங்க. குழாய் நாலு மீட்டர் நீளம். நடைமுறையில் ஒரு வில்லையிலிருந்து சுமார் 2,400 யூனிட் கரண்ட் எடுக்கலாம். எங்க வீட்டுக்கு ஆறு மாசம். மூணு தடவை கணக்கு மாத்திட்டேன், இனிமே மாத்த மாட்டேன்.

6 ஆகஸ்ட் 2025, இரவு 11.05

சங்கிலித் தொடர் எப்படிக் கட்டுக்குள்ளே இருக்குதுன்னு கேட்டிருக்கீங்க. கேரம் போர்டை எடுங்க.

ஒரு அணு உடையும்போது ரெண்டு மூணு நியூட்ரான் வெளியே வரும், அது அடுத்த அணுவை உடைக்கும், அதுதான் சங்கிலித் தொடர். வர்ற வேகம் விநாடிக்கு 20,000 கிலோமீட்டர். இவ்வளவு வேகத்தில் போனா அடுத்த யுரேனியத்தைப் பிளக்கிற வாய்ப்பு குறைவு. வேகத்தைக் கொல்லணும். கேரமில் காய் போய்க் கட்டையில் அடிச்சா போன வேகத்திலேயே திரும்பி வரும். அதே காய் இன்னொரு காயை நேருக்கு நேர் அடிச்சா, அடிச்சது அப்படியே நின்னுடும், அடிவாங்கினது ஓடும். எடை சமமா இருக்கிறதுதான் காரணம். நியூட்ரானின் எடைக்குச் சமமான எடையுள்ளது ஹைட்ரஜன் அணுக்கரு. ஹைட்ரஜன் மலிவா எங்கே கிடைக்கும்? தண்ணியில். சராசரியா 18 மோதலில் நியூட்ரான் விநாடிக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு இறங்கிடும். ஆக உலைக்குள்ளே இருக்கிற தண்ணிக்கு ரெண்டு வேலை, வெப்பத்தைச் சுமக்கிறதும் நியூட்ரானை மெதுவாக்குறதும்.

இதில் ஒரு அழகு இருக்கு. தண்ணி அளவுக்கு மீறிக் கொதிச்சு ஆவியாச்சுன்னா மெதுவாக்க ஆள் இல்லை, தொடர் தானே தளரும். செர்னோபிலில் மெதுவாக்கினது கிராஃபைட். அங்கே தண்ணி நியூட்ரானை விழுங்குற வேலையைத்தான் அதிகம் செஞ்சது. தண்ணி ஆவியானதும் விழுங்க ஆளில்லாம தொடர் இன்னும் வேகமெடுத்தது. அந்த உலை வெடிச்சது 1986 ஏப்ரல் 26.

இப்போ கேரம் பிரியர்களுக்கு. போர்டில் தூவுவோமே போரிக் பவுடர், அந்த போரிக் அமிலத்தைத்தான் உலைத் தண்ணியில் கரைக்கிறாங்க. போரான் நியூட்ரானை அப்படியே விழுங்கிடும். சின்ன வயசில் செரங்கூன் ரோடு பக்கத்து மன்றத்தில் டின் டின்னாக் கொட்டினோம், காய் வழுக்கி ஓடணும்னு. உலையில் அதே பவுடர் ஓடறதை நிறுத்துது.

7 ஆகஸ்ட் 2025, மதியம் 1.10

ஒண்ணு விட்டுப்போச்சு. நியூட்ரான்களில் நூத்துக்கு ஒண்ணு கூட இல்லை, 0.65 சதவீதம், சில விநாடி தாமதமா வெளியே வரும். அந்தத் தாமதம்தான் உலையை ஓட்டுறவனுக்குக் கிடைக்கிற மூச்சுவிடுற நேரம். எல்லாமே உடனே வந்திருந்தா தொடரை நிறுத்த இறக்குற, நியூட்ரானை விழுங்குற கம்பிகளை எவ்வளவு வேகமா இறக்கினாலும் பத்தாது.

8 ஆகஸ்ட் 2025, இரவு 8.30

"அப்போ பெரிய பிரஷர் குக்கர்னு சொல்லுங்க அங்கிள்." சொல்ல மாட்டேன். உலகத்தில் அதிகம் ஓடுற வகையில், உலையை ஒட்டின தண்ணி கொதிக்கவே கூடாது. விசில் வர விடாத குக்கர். 155 பார் அழுத்தம் (சாதாரணக் காத்தழுத்தம் ஒரு பார்), வெளியே வரும்போது 325 டிகிரி, அப்பவும் தண்ணியாவே இருக்கும். வீட்டுக் குக்கர் எட்டுறது 120 டிகிரி.

அந்தத் தண்ணி ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள்ளே ஓடும். குழாய்க்கு வெளியே வேற தண்ணி, அழுத்தம் குறைவு, அதுதான் கொதிக்கும். ஊரில் வாளியில் ஹீட்டர் கம்பி போட்டுக் குளிச்சவங்களுக்குப் புரியும். சூடு வருது, கம்பிக்குள்ளே இருக்கிறது வாளியில் கலக்கிறதில்லை. டர்பைனுக்கு வர்ற ஆவி உலையைத் தொட்டதே இல்லை. கூடங்குளத்தில் இந்த ஆவிக் கலங்கள் உலை ஒண்ணுக்கு நாலு, ரஷ்ய வடிவமைப்புங்கறதால படுக்கை வசத்தில் இருக்கும். மத்த நாடுகளில் பெரும்பாலும் நின்ன வாக்கில்.

உலைக்குள்ளேயே கொதிக்க விட்டு ஆவியை நேரா டர்பைனுக்கு அனுப்புற வகையும் இருக்கு. ஃபுக்குஷிமாவில் இருந்தது அது. அதைக் குக்கர்னு சொன்னா சண்டைக்கு வரமாட்டேன்.

10 ஆகஸ்ட் 2025, காலை 9.00

தேசிய தின வாணவேடிக்கை பார்த்துட்டு வந்து பேரன் கேட்டான்: "தாத்தா, அணு உலைப் படத்தில் இடுப்பு ஒடுங்கின பெரிய கோபுரத்திலிருந்து வெள்ளையாப் புகை வருதே, அது விஷமா?" புகையே இல்லைடா, ஈரக்காற்று. குளிர்விக்கிற தண்ணி ஆவியாகி மேலே போகுது. கடலோரத்தில் கட்டினா அந்தக் கோபுரமே வேண்டாம். கூடங்குளத்தில், கல்பாக்கத்தில் தேடினா கிடைக்காது.

12 ஆகஸ்ட் 2025, இரவு 10.20

இன்னிக்குச் செய்தி பார்த்தீங்களா? பிரான்ஸில் கிராவலின் அணுமின் நிலையம். ஞாயித்துக்கிழமை ராத்திரியிலிருந்து திங்கள் காலைக்குள்ளே கடல்நீர் வடிகட்டியில் சொறிமீன் (ஜெல்லிமீன்) கூட்டம் அடைச்சு நாலு உலை தானா நின்னுபோச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது, ஏன்னா எங்க காலத்திலேயும் இதே வில்லன்தான்.

கண்டென்சர்னு ஒண்ணு உண்டு. டர்பைனைச் சுத்தி முடிச்ச ஆவியைத் திரும்பத் தண்ணியாக்குற இடம். அதைக் குளிரவைக்கத்தான் கடல்நீர். கடல் உள்ளே நுழையுற வாயில் சல்லடைகள் சுத்திக்கிட்டே இருக்கும். சில மாசங்களில் சொறிமீன் வரும், பிளாஸ்டிக் பை வரும், ஒரு தடவை ஒரு ரோத்தான் (பிரம்பு) நாற்காலி வந்தது. சல்லடை அடைச்சா தண்ணி குறையும், கண்டென்சரில் வெற்றிடம் கெடும், டர்பைன் தானா நின்னுடும். மழைக்கோட்டு போட்டுக்கிட்டு வாரியால் சொறிமீன் அள்ளினதில் கை ரெண்டு நாள் எரிஞ்சது. அணுவா எரிவாயுவான்னு சொறிமீனுக்கு என்ன தெரியும்.

இன்னொண்ணு. கடல் எவ்வளவு குளிரா இருக்கோ அவ்வளவு கரண்ட் கூடும். நம்ம கடல் வருஷம் பூரா 28, 30 டிகிரி. குளிர்நாட்டில் கட்டின அதே மெஷின் இங்கே கொஞ்சம் சோம்பேறியாத்தான் ஓடும்.

13 ஆகஸ்ட் 2025, மாலை 4.45

"பானை அதே பானை"ன்னு முதல் நாள் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அதுவும் முழுக்கச் சரியில்லை.

எங்க பாய்லரிலிருந்து வந்தது 540 டிகிரி ஆவி. வறண்ட ஆவி, கண்ணுக்கே தெரியாது. சின்னக் கசிவு எங்கேன்னு தேடுறதுக்குத் துடைப்பத்தை முன்னாடி நீட்டிக்கிட்டு நடப்போம், துடைப்பம் அறுந்தா அங்கே கசிவு. அணுமின் நிலையத்து ஆவி 280 டிகிரியை ஒட்டித்தான். ஈரமானது. வழியிலேயே துளி துளியாத் தண்ணி பிரியும், அந்தத் துளி டர்பைன் இலையைக் கொத்திக் கொத்தித் தின்னும். அதனால நடுவில் ஈரத்தைப் பிரிச்சுத் திரும்பச் சூடாக்குற ஏற்பாடு வைப்பாங்க. அழுத்தமும் சூடும் குறைவுங்கறதால ஆவி ஏராளமா வேணும், இலைகள் பெருசாகும், பெரிய இலை வேகமாச் சுத்தினாப் பிச்சுக்கும். எங்க டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 சுத்து. பெரிய அணு டர்பைன்கள் பல 1,500. ஜெனரேட்டரில் காந்த முனையை ரெண்டிலிருந்து நாலாக்கிட்டா அதே 50 ஹெர்ட்ஸ் வந்துடும்.

ஏன் இன்னும் சூடாக்கக்கூடாதுன்னா, 374 டிகிரிக்கு மேல எந்த அழுத்தம் கொடுத்தாலும் தண்ணி தண்ணியா நிற்காது. சிர்க்கோனியக் குழாயும் தாங்காது. அதனாலதான் மூணில் ஒரு பங்கோட நின்னுபோகுது. நம்ம ஊர் எரிவாயு நிலையங்களில் வாயு டர்பைன் கக்குற சூட்டில் மறுபடி நீராவி எடுக்கிற ஏற்பாடு இருக்கு, பாதிக்கு மேலேயே கரண்டாகும்.

17 ஆகஸ்ட் 2025, இரவு 11.40

இதை எழுதலாமா வேண்டாமான்னு நாலு நாள் யோசிச்சேன்.

தொண்ணூறுகளில் ஒரு ராத்திரி ஷிப்டு. மெஷின் டிரிப் ஆகி நின்னுச்சு, கூடவே நிலையத்துக்குள்ளே வர்ற கரண்டும் போச்சு. டர்பைன் ஹாலில் அவசர விளக்கு மட்டும். அந்தச் சத்தம் போனப்புறம் வர்ற அமைதி இருக்கே, காது வலிக்கும். எரிபொருள் வால்வு தானா மூடிக்கிச்சு, தீ அணைஞ்சாச்சு. பாய்லரைப் பார்த்துக்க ரெண்டு பேர் போதும்.

எங்க கவலை பூரா டர்பைன் தண்டு. பேட்டரியில் ஓடுற எண்ணெய்ப் பம்ப் முனகிக்கிட்டு எழுந்துச்சு, அப்பத்தான் மூச்சு வந்தது. தண்டு நிற்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நின்னதும் சும்மா விட்டா சூட்டில் வளைஞ்சிடும், மெதுவாத் திருப்பிக்கிட்டே இருக்கணும். அந்த மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. நீளமான நெம்புகோலைப் போட்டு நாலு பேர் மாத்தி மாத்தி அரைச்சுத்து அரைச்சுத்தாத் திருப்பினோம். மலாய்க்கார ஃபோர்மன் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு எண்ணினார், சத்து, துவா, திகா. விடியும்போது உள்ளங்கை கொப்பளம்.

இதை ஏன் சொல்றேன்? அந்த ராத்திரி பாய்லரைப் பத்தி யாருமே பயப்படலை. தீ அணைஞ்சா அணைஞ்சதுதான். அணு உலையில் இது கிடையாது. கம்பிகளை இறக்கிட்டா பிளவு ரெண்டே விநாடியில் நிற்கும், சூடு நிற்காது. கரண்ட் அடுப்பை அணைச்ச பிறகும் பால் பொங்கி வழியும் பாருங்க, அந்த மாதிரி.

"அடுப்பு மட்டும்தான் மாறுது"ன்னு எவ்வளவு லேசா எழுதிட்டேன். "மட்டும்" என்கிற வார்த்தைதான் உறுத்துது.

18 ஆகஸ்ட் 2025, காலை 10.15

பால் உதாரணம் தப்புன்னு ரெண்டு பேர் சொல்லியாச்சு. ஒத்துக்கிறேன். அடுப்பில் இருக்கிறது மிச்சச் சூடு, ஏற்கெனவே ஏறினது. உலையில் அது புதுசாப் பிறந்துக்கிட்டே இருக்கு. பிளந்த துண்டுகள் நிலையில்லாதவை, நாள் கணக்கா, வருஷக் கணக்கா சிதைஞ்சுக்கிட்டே சூடு விடும்.

எங்க புளோக் கீழே சமூகத் தோட்டத்தில் இலைதழை மக்க வைக்கிற தொட்டி இருக்கு. காலையில் போய் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். மேலே ஈரமா, ஜில்லுன்னு இருக்கு. ஒரு சாண் உள்ளே போனா வெந்நீர்ச் சூடு. யாரும் தீ வைக்கலை. காரணம் வேறதான், அங்கே நுண்ணுயிர். ஆனா அணைக்கிறதுக்கு ஸ்விட்ச் இல்லாத சூடு எப்படி இருக்கும்னு தெரியணும்னா கையை விட்டுப் பாருங்க. தோட்டம் பார்த்துக்கிற சீன ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வையைப் பத்திப் பேச வேண்டாம்.

எண்ணிக்கை: கூடங்குளம் மாதிரி 3,000 மெகாவாட் வெப்பம் தர்ற உலை, 1,000 மெகாவாட் கரண்ட். நிறுத்தின நொடியில் 6, 7 சதவீதச் சூடு மிச்சம், அதாவது கிட்டத்தட்ட 200 மெகாவாட். ஒரு மணி நேரத்தில் 45 மெகாவாட் போல. ஒரு நாள் கழிச்சும் சுமார் 15 மெகாவாட். வீட்டுக் கெட்டில் 2 கிலோவாட். 7,500 கெட்டிலை ஒரே பாத்திரத்தில் போட்டு நிறுத்தவே முடியாதுன்னு வைங்க. மணிக்கு 20 டன்னுக்கு மேல தண்ணி ஆவியாப் போகும்.

2011 மார்ச் 11 ஃபுக்குஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கிட்டிருந்த மூணு உலையும் தானா நின்னுச்சு. நிறுத்துறதில் ஒரு குறையும் இல்லை. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு வந்த அலை டீசல் ஜெனரேட்டர்களை முழுக அடிச்சது. தண்ணி சுத்த ஆளில்லை. மூணும் உருகிச்சு. எங்க ராத்திரியில் நாலு பேரும் ஒரு நெம்புகோலும் போதுமா இருந்தது. அங்கே எந்த நெம்புகோலைப் போடுறது?

18 ஆகஸ்ட் 2025, மாலை 6.00

பயமுறுத்த எழுதலை. புது வடிவங்கள் பம்பையே நம்பாம, மேலே தொட்டியில் தண்ணி வெச்சுப் புவியீர்ப்பில் இறங்க விடுற மாதிரி வருது. கூடங்குளத்தில் கரண்ட் இல்லாமலேயே காத்தோட்டத்தில் சூடு இறக்குற ஏற்பாடு உண்டு. 2004 சுனாமியில் கல்பாக்கத்தில் பம்ப் இருந்த இடத்தில் கடல் புகுந்தது, ஓடிக்கிட்டிருந்த உலையைப் பத்திரமா நிறுத்தினாங்க. சித்தப்பா மகன் அப்போ அந்தப் பக்கம்தான் குடியிருந்தான். உலையைப் பத்தி அவன் பேசவே இல்லை, பக்கத்துத் தெருவில் போன உயிர்களைப் பத்தித்தான் பேசினான்.

24 ஆகஸ்ட் 2025, மாலை 3.30

சிங்கப்பூருக்கு வருமா வராதான்னு இழை அந்தப் பக்கம் போயாச்சு. எனக்குத் தெரிஞ்சது: 2012-இல் அப்போதைய உலைகள் நமக்குப் பொருந்தாதுன்னு அரசாங்கம் சொன்னது. 2022-இல் வந்த அறிக்கை 2050-க்குள்ளே பத்தில் ஒரு பங்கு கரண்ட் அணுவிலிருந்து வரலாம்னு ஒரு சாத்தியத்தைப் போட்டது. 2024 ஜூலையில் அமெரிக்காவோட அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம். கட்டுறதுன்னு யாரும் முடிவெடுக்கலை.

என் சிக்கல் இடம்தான். பெரிய உலைக்கு 16 கிலோமீட்டர் வட்டத்தில் அவசரத் திட்டம் வைக்கிறது இந்தியாவில் வழக்கம். தீவின் வடக்கே யீஷூனில் காம்பஸ் முனையை வெச்சு 16 கிலோமீட்டர் வட்டம் போடுங்க, நகரின் நடுவில் இருக்கிற ஆர்ச்சர்ட் ரோடு உள்ளே வந்துடும். சின்ன உலை, மிதக்கிற உலைன்னு பேசுறது அதனாலதான். ரஷ்யாவில் பெவெக் துறைமுகத்தில் கப்பல் மேல 35 மெகாவாட் உலை ரெண்டு ஏற்கெனவே ஓடுது. மறுபக்கம், நம்ம கரண்டில் 95 சதவீதம் எரிவாயு, அதுவும் வெளியிலிருந்து வர்றது. 2004 ஜூன் 29 ராத்திரி வரத்து தடைப்பட்டுத் தீவின் பல பகுதி இருண்டது ஞாபகம் இருக்கா? நான் எந்தப் பக்கம்னு கேட்காதீங்க. வாரத்துக்கு ஒரு பக்கம்.

30 ஆகஸ்ட் 2025, இரவு 9.10

முதல் கேள்வி கேட்டவருக்கு ஒரு கடன் பாக்கி. எலெக்ட்ரானுக்கு வேலையே இல்லைன்னு சிரிச்சேன். நேத்து பேரனுக்கு விண்கலம் பத்திச் சொல்லிக் கொடுக்கும்போது உறைச்சது.

1977-இல் விட்ட வாயேஜர் கலங்களில் தண்ணியும் இல்லை, டர்பைனும் இல்லை. புளூட்டோனியம் 238 தானாச் சிதையுற சூட்டில், ரெண்டு வகைப் பொருள் சேர்ந்த இணைப்பின் ஒரு முனை சூடாவும் மறுமுனை குளிராவும் இருக்க, எலெக்ட்ரான் நகருது. கிளம்பும்போது 470 வாட். ஃபுக்குஷிமாவில் யாராலும் அணைக்க முடியாத அதே மாதிரிச் சூடுதான், அங்கே சம்பளமில்லாம இன்னும் வேலை பார்க்குது. சிதைவில் வர்ற எலெக்ட்ரானையே குறைக்கடத்தியில் பிடிக்கிற பொடி பேட்டரிகளும் இருக்கு. நீங்க முதல் நாள் எழுதினதுக்கு ரொம்பக் கிட்ட.

அரை மார்க் உங்களுக்கு. அந்தப் பொடி பேட்டரி கொடுக்கிற கரண்ட் வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், என் கெட்டிலை அதில் சொருகிப் பிரயோஜனமில்லை. உங்க நண்பர்கிட்ட தே தாரேக் காசைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.